கதைத்ததையெல்லாம் எழுதி வைப்பதா?

போன மாதம் கட்டற்ற மென்பொருள் (எழுதிய நிரலை எவரும் பார்த்து, திருத்தி, பகிரலாம் என்று திறந்து விட்ட மென்பொருள்) பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, "இந்தக் குழுக்களில் பல, தங்கள் அரட்டையைக்கூட ஊருக்கே திறந்து வைத்திருக்கின்றன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரிக்குத்தான். இரண்டு கடிதங்கள் கோபமாகவும் இருந்தன. பிரிண்டர், வைரஸ், மறந்துபோன பாஸ்வேர்ட் கேள்விக்காரர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, ஒரு மென்பொருளைத் தமிழாக்கும் குழுவில் சேர்ந்திருக்கிறேன். அவர்களுடைய அரட்டை அறையின் தலைப்பிலேயே "இங்கே கதைப்பது பதிவாகிறது, எவரும் வாசிக்கலாம்" என்று போட்டிருக்கிறது. பார்த்தவுடன் கை ஓடவில்லை. நான் ஒரு மொக்கைக் கேள்வி கேட்டு, நாளைக்கு நேர்முகத் தேர்வில் அதை எடுத்து வைத்துச் சிரித்தால் என்ன செய்வது? பொறுப்பாளருக்குத் தனியாக எழுதிக் கேட்கலாமா?
– பல்கலைக்கழக மாணவி, வந்தாறுமூலை

எல்லாரும் அக்கா என்கிறீர்கள். வயதைப் பார்த்தால் நான் உங்களை மகள் என்றுதான் கூப்பிட வேண்டும்.

மகள், உங்கள் பயம் எனக்குத் தெரியும். கட்டற்ற மென்பொருள் என்ற பேச்சே எனக்கு சுனாமிக்குப் பிறகுதான் காதில் விழுந்தது. காணாமல் போனவர்களையும் முகாம்களையும் பதிய, நம் இலங்கைத் தொண்டர்களே 'சஹானா' என்று ஒரு மென்பொருள் எழுதி, அதன் மூலநிரலை உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அடுத்த வருடம் பாகிஸ்தானில் நிலம் நடுங்கியபோது அங்கேயும் அதைப் பயன்படுத்தினார்கள். அந்த ஆசையில்தான் உபுண்டு இறுவட்டுக்கு எழுதிப் போட்டேன். விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியில் போடுகிற லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தில் ஒரு வகை அது. அந்த நாளில் கேட்டால் தபாலில் இலவசமாக அனுப்புவார்கள். உறையைத் தபாற்கந்தோரில் பிரித்துப் பார்த்து, "இது என்ன படமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கையில் தந்தார்கள்.

2006இல் மட்டக்களப்பு கல்லடியில் இருந்து, ரெலிபோன் வயரில் இணையம் எடுத்து, இரவு பத்து மணிக்குப் பிறகு ஒரு லினக்ஸ் உதவி அறைக்குள் போனேன். ஐஆர்சி என்பார்கள். 1988இல் பின்லாந்தில் ஒருவர் எழுதிய அரட்டை முறை. படம் கிடையாது, வெறும் எழுத்துத்தான். என் சிக்கல் இதுதான்: 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே புள்ளி வட்டம் ஒன்று. அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ தெரியாது, இன்ன எழுத்துருப் பொதியைப் போடு என்றார். போட்டேன், சரிவந்தது. லைன் அறுந்தது. நன்றி சொல்லக்கூட முடியவில்லை.

அடுத்த வருடம் கணினி பழுதாகி எல்லாவற்றையும் திரும்பப் போட்டபோது அதே கொம்பு, அதே கால். என்ன செய்தேன் என்று மறந்தே போய்விட்டது. கூகிளில் தேடினால் முதல் பக்கத்திலேயே ஒருவர் இதே சிக்கலைக் கேட்டிருக்கிறார், பதிலும் இருக்கிறது. வாசித்துக்கொண்டு போனால், ஆங்கிலம் கொஞ்சம் நம் வீட்டு ஆங்கிலமாக இருக்கிறதே என்று பட்டது. மேலே பெயரைப் பார்த்தேன். நான்தான்!

அந்த அறையில் கதைத்ததை அவர்கள் இணையத்தில் பதிவாக வைத்திருந்தார்கள். அந்தப் பதிவு இல்லையென்றால் இன்னொரு இரவு முழுக்க முழித்திருப்பேன். அந்த மனிதரிடம் தனியாகக் கேட்டிருந்தால் பதில் எங்கள் இரண்டு பேரோடும் போயிருக்கும். என்னைப்போல எத்தனை பேர் அந்த வரியைப் பார்த்துத் தங்கள் கொம்பையும் காலையும் சேர்த்துக்கொண்டார்களோ. பொறுப்பாளருக்குத் தனியாக எழுதினால் அவர் ஒரே பதிலைப் பத்துப் பேருக்குப் பத்துத் தரம் எழுத வேண்டும். அவரும் வேலைக்குப் போய்வந்து, பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் இருப்பவர்தான்.

ஒன்று மட்டும் என்னைப் பார்த்துப் படியுங்கள். அதே இரவில், "லைன் அறுந்தால் இந்த நம்பருக்கு எடுங்கள்" என்று வீட்டு ரெலிபோன் இலக்கத்தையும் அங்கே எழுதிவைத்திருந்தேன். உலகத்துக்கே! வெளிநாட்டிலிருந்து ஒருவர் எனக்கு எடுத்து எழுத்துரு சொல்லித் தருவார் என்று அப்போது நினைத்ததை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. பதிவு வைத்திருந்தவர்களுக்குக் கடிதம் போட்டேன், இரண்டு நாளில் அந்த எண்ணை மட்டும் மறைத்துவிட்டார்கள். கேள்வியும் பதிலும் அப்படியே நின்றன.

ஆகவே புனைபெயர் ஒன்று வையுங்கள். ஐஆர்சி என்றால் உங்கள் இணைய இணைப்பின் முகவரி (ஐபி) மற்றவர்கள் கண்ணில் படாமல் மூடித்தரச் சொல்லிக் கேளுங்கள், தருவார்கள். பிழைச் செய்தியை ஒட்டும்போது அதற்குள் உங்கள் பாஸ்வேர்ட் கிடக்கிறதா என்று ஒருதரம் பாருங்கள். அப்புறம் தாராளமாகக் கேளுங்கள். நேர்முகத் தேர்வில் சிரிக்கிறவர் இருந்தால், அவருடைய முதல் வருடக் கேள்விகளும் எங்கோ ஒரு பதிவில் கிடக்கும்.

சகோதரி, நான் வெள்ளாமைக்காரன். மகன் வாசித்துக் காட்டித்தான் இதை எழுதுகிறேன். பொறுப்பானவர்கள் நாலு பேர் இருந்து கதைத்து, முடிவை அறிவித்தால் போதாதா? நடுவில் கதைத்த குப்பையெல்லாம் எதற்கு?
– வாசகர், சம்மாந்துறை

காக்கா, நீங்கள் பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போகிறவர்தானே? முதல் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, விதைப்பு எப்போது முடிய வேண்டும், மாடுகளை எந்த நாளுக்குள் வயலைவிட்டு அகற்றுவது என்பதையெல்லாம் ஓர் அதிகாரி அறைக்குள் இருந்து எழுதி ஒட்டினால், வயல் தண்ணீரைப் பங்கிடும் உங்கள் வட்டைவிதானைமார் விடுவார்களா? எல்லாரையும் வைத்துக் கதைத்து, கத்தி, சிரித்து, கடைசியில் அறிக்கைப் புத்தகத்தில் ஏற்றுகிறார்கள். நடுப் போகத்தில் கடைசி வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டாதபோது, "இதை நான் அன்றைக்கே சொன்னேன்" என்று ஒருவர் எழும்புவார். சொன்னாரா இல்லையா என்று புத்தகம்தான் சொல்லும்.

முடிவு மட்டும் போதாது என்பதற்கு எங்கள் வாவியிலேயே ஒரு கதை இருக்கிறது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு என்று மே மாதம் நாட்டு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள். அதன் பிறகு பத்து வருடத்துக்கு நாடு பழைய நேரத்தைவிட அரை மணித்தியாலம் முந்தித்தான் ஓடியது. ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பக்கம் அதை ஏற்கவில்லை. என் மாமி அந்தப் பக்கம், கொக்கட்டிச்சோலையில். இங்கே ஒன்பது என்றால் அங்கே எட்டரை. மண்முனைத் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி அக்கரைக்குப் போகும்போது கையில் உள்ள மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும். கலியாணத்துக்குச் சொல்ல வருகிறவரிடம் முதல் கேள்வியே, "பழைய நேரமா, புது நேரமா?" 2006 ஏப்ரல் 15இல் நாடு மறுபடி பழைய நேரத்துக்குத் திரும்பியது. மாமி மணிக்கூட்டைத் தொடவே இல்லை. "நான் அப்பவே சரி, நீங்கதான் சுத்தி வந்திருக்கிறீங்க" என்றா.

இதை ஏன் சொல்கிறேன்? உலகத்தில் உள்ள லினக்ஸ் கணினிகளும் அண்ட்ரொய்ட் போன்களும் எந்த நாட்டில் எந்த நாளில் என்ன நேரம் என்று பார்ப்பது ஒரே ஒரு திறந்த தரவுத் தொகுப்பில்தான். ஆர்தர் டேவிட் ஓல்சன் தொடங்கியது, பிறகு போல் எகர்ட் பார்த்து வருகிறார். ஒவ்வொரு திருத்தமும் திறந்த மடல் குழுவில் (ஒருவர் போடும் மின்னஞ்சல் குழுவில் எல்லாருக்கும் போகும், பழையதை எவரும் வாசிக்கலாம்) கதைத்துத்தான் ஏறும். அந்தத் தொகுப்பிலே கொழும்பு என்ற தலைப்புக்கு மேல், யார் எந்த நாள் என்ன செய்தி கொண்டுவந்தார் என்ற குறிப்புகள் அப்படியே நிற்கின்றன. அதற்குள், புலிகள் 1996 மாற்றத்தை ஏற்காமல், கிரீன்விச் நேரத்தைவிட ஐந்தரை மணி முந்திய பழைய நேரத்திலேயே இருந்தார்கள் என்ற செய்தியும் இருக்கிறது. அந்தப் பகுதிகளில் இருப்பவர்கள் கணினியில் இந்தியாவின் நேரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று தொகுத்தவர் ஒரு வரியும் எழுதியிருக்கிறார். ஒரு மென்பொருள் கோப்புக்குள் என் மாமியின் மணிக்கூடு! முதல்தரம் வாசித்த அன்று எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்து மறுபடியும் வாசித்தேன். முடிவு மட்டும் போதும் என்றிருந்தால் அங்கே வெறும் எண்கள்தான் இருந்திருக்கும்.

உங்கள் மகனுக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். 2024 மார்ச் 29ஆம் திகதி அன்ட்ரஸ் ஃபிரொயிண்ட் என்ற பொறியியலாளர், தன் கணினிக்குள் தூரத்திலிருந்து நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூட எடுக்கிறதே என்று தோண்டிப் போய், எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் கட்டற்ற மென்பொருளுக்குள் யாரோ கள்ளக் கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்து எல்லாருக்கும் அறிவித்தார். அந்த மென்பொருள் குழுவின் மடல்கள் எல்லாம் திறந்து கிடந்ததால் சில நாளிலேயே பலர் 2022 வரைக்கும் பின்னோக்கிப் போய் வாசித்துவிட்டார்கள். தனி ஆளாகக் களைத்துப் போயிருந்த பராமரிப்பாளரை, "ஏன் சுணங்குகிறாய், வேறு ஆளிடம் கொடு" என்று தெரியாத பெயர்கள் மாறி மாறி நெருக்கியது வரி வரியாக இருந்தது. அப்படி உள்ளே வந்த ஆள்தான் கதவை வைத்தது.

திறந்து வைத்ததால் கள்ளன் வராமல் போனானா என்று கேட்பீர்கள். வந்தான்தானே. அந்த நெருக்குதலும் எல்லார் கண்முன்னேதான் நடந்தது, அன்றைக்கு எவரும் நின்று பார்க்கவில்லை. பதிவு காவல்காரன் வேலை செய்யாது காக்கா. நடந்த பிறகு சாட்சி சொல்லும், அவ்வளவுதான்.

எங்கள் பாடசாலைப் பழைய மாணவர் வட்ஸ்அப் குழுவில் காசுக் கணக்குப் பற்றி ஒரு வாக்குவாதம். ஒருவர் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து முகநூலில் போட்டுவிட்டார். கேட்டால் "வெளிப்படைத்தன்மை" என்கிறார். நீங்கள் எழுதியதைத்தான் வெட்டி எனக்கு அனுப்பினார்! இது சரியா?
– வாசகி, ஆரையம்பதி

சரியில்லை. நான் எழுதியதை அவர் பாதிதான் வாசித்திருக்கிறார் தங்கச்சி.

ஐஆர்சியிலே பழைய ஒழுங்கு ஒன்று உண்டு. அறையில் கதைப்பதைத் தொடர்ந்து வெளியிடுகிறீர்கள் என்றால், நுழையும்போதே தெரியும்படி தலைப்பு வரியில் அதைச் சொல்ல வேண்டும். வந்தாறுமூலைப் பிள்ளை பார்த்துப் பயந்ததே, அந்த வரிதான். அதைப் பார்த்த பிறகு என்ன கதைப்பது, என்ன கதைக்காமல் விடுவது என்பது அவரவர் கையில். விக்கிப்பீடியாக்காரர்கள் எவ்வளவு திறந்த ஆட்கள்! கட்டுரைக்குக் கட்டுரை பேச்சுப் பக்கம், வரலாற்றுப் பக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுக் கதைக்கு 'ஆலமரத்தடி' என்றே இடம் வைத்து, பழைய கதைகளையும் தொகுத்து வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்களே தங்கள் பொது அரட்டை அறைகள் பலவற்றில், கதைப்பதை எடுத்து வெளியே போடக்கூடாது என்றுதான் விதி வைத்தார்கள். பதிவாகும் அறை வேறு, பதிவாகாத அறை வேறு. எதற்குள் நிற்கிறோம் என்று நிற்கிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இதில், லினக்ஸ் வகை ஒன்றைத் தொகுத்துத் தரும் டெபியன் குழுவின் கதை எனக்குப் பிடித்தது. 1997இல் சமூக ஒப்பந்தம் எழுதி, பிழைகளை மறைக்கமாட்டோம், பிழைப் பட்டியல் முழுவதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும் என்று வாக்குக் கொடுத்த குழு. அவர்களுக்கும் உள்ளே மட்டும் வாசிக்கிற ஒரு மடல் குழு உண்டு. 2005இல் வாக்கெடுத்து, அதில் உள்ளதை மூன்று வருடம் கழித்துத் திறப்போம் என்றார்கள். முடிவு ஏறியது, வேலை ஏறவில்லை. ஒவ்வொரு மடலையும் வாசித்து, எழுதியவரின் விருப்பு வெறுப்பைப் பார்த்துத் திறக்க யாருக்கு நேரம்? 2016இல் திரும்ப வாக்கெடுத்து, அது தனிப்பட்டதாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். நல்ல முடிவு என்பது என் எண்ணம். ஒருவர் தன் நோயைச் சொல்லி லீவு கேட்ட கடிதத்தை ஊர் வாசிப்பதால் எந்த மென்பொருளும் திருந்தப் போவதில்லை.

உங்கள் குழுவுக்குச் சொல்கிறேன். காசுக் கணக்கைத் திறவுங்கள். எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தது என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு, எல்லாரும் பார்க்கக்கூடிய இடத்தில் போடுங்கள். இரவு பதினொரு மணிக்கு எரிச்சலில் ஒருவர் மற்றவரை "நீ என்ன பெரிய ஆளோ" என்று எழுதியதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஸ்கிரீன்ஷொட் போட்டவரைப் போட்டதை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவரையே கணக்குப் போட வையுங்கள். இவ்வளவு ஆர்வம் உள்ளவர் வேறு எங்கே கிடைப்பார்?

இப்போது ஐஆர்சியில் யார் இருக்கிறார்கள்? எல்லாரும் டிஸ்கோர்ட், ஸ்லாக் என்ற புது அரட்டைச் செயலிகளுக்குப் போய்விட்டார்களே!
– வாசகர், களுவாஞ்சிகுடி

போய்விட்டார்கள் தம்பி, எனக்கு அதில்தான் கோபம். டிஸ்கோர்டில் கதைத்தது கூகிளில் தேடினால் வராது, உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும். ஸ்லாக்கில் இலவசக் கணக்கு என்றால் 90 நாளுக்கு முந்தியது கண்ணில் படாது. படம் வருகிறது, குரல் வருகிறது, வடிவாகத்தான் இருக்கிறது. ஆனால் 2007இல் நான் செய்ததுபோல ஒருவர் தேடி வந்தால் கிடைக்காது. எந்த இடமும் நிரந்தரம் இல்லை என்பதும் உண்மைதான். ஃபிரீநோட் என்ற பெரிய ஐஆர்சி வலையமைப்பிலிருந்து 2021 மே மாதம் அதை நடத்திய தொண்டர்களே விலகி, லிபெரா என்று புதிதாகத் தொடங்கினார்கள். குழுக்களும் மூட்டை கட்டின. பதிவைத் தங்கள் சொந்த இடத்தில் வைத்திருந்த குழுவுக்குப் பழைய கதை கையோடு வந்தது. எங்கே வேண்டுமானாலும் கதையுங்கள், முடிவான விசயத்தை ஒரு பந்தியாக எழுதித் தேடினால் கிடைக்கிற இடத்தில் போடுங்கள். அப்பாச்சி என்ற கட்டற்ற மென்பொருள் குழுக்காரர் பழைய ஆட்கள், மடல் குழுவில் வராதது நடக்கவே இல்லை என்பார்கள்.

ஒரு திறந்த மடல் குழுவில் நாலு வருடத்துக்கு முன்பு ஒருவரோடு மோசமாகச் சண்டை பிடித்தேன். இப்போது வாசிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா?
– பெயர் வேண்டாம், அக்கரைப்பற்று

கேட்கலாம். ரெலிபோன் இலக்கம், வீட்டு முகவரி மாதிரி என்றால் என்னைப்போல உங்களுக்கும் மறைத்துத் தரக்கூடும். சண்டையை அழிப்பது கடினம். அந்த மடல் எத்தனை பேருடைய பெட்டிக்குள் போயிருக்கிறது, எத்தனை இடத்தில் பிரதி இருக்கிறது. உங்கள் வரியை எடுத்தால் மற்றவர் உங்களுக்குச் சொன்ன பதில் அந்தரத்தில் தொங்கும். வாசிக்கிறவர் அவரைப் பைத்தியம் என்று நினைப்பார்.

நான் 27 வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அறிக்கை எழுதினேன். சேர்ந்த முதல் கிழமை எழுத்துப் பிழை விட்டுவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் புதிதாக எழுதி வைத்தேன். பெரியவர் தாள் எண்களைத் தட்டிப் பார்த்து, 41க்குப் பிறகு 43 வருவதைக் கண்டார். ஏசவில்லை. "மகள், பிழையைக் கிழிச்சா ஆக்கள் களவு எண்டுதான் நினைப்பாங்க. ஒரு கோடு இழு, வாசிக்கத் தெரியிற மாதிரி இழு. மறுகா பக்கத்தில சரியா எழுதிக் கையொப்பம் வை" என்றார். கிழித்த தாளைக் குப்பைக்குள் தேடி எடுத்து, இஸ்திரிக்கைப் பெட்டி போட்டு, பசை வைத்து ஒட்டினேன். அந்தப் புத்தகத்தில் இன்றைக்கும் அந்த ஒரு தாள் தடிப்பாக இருக்கும்.

லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் மடல் குழுவில் ஆட்களைக் கிழித்துத் தொங்கவிடுவதற்குப் பேர்போனவர். 2018 செப்டெம்பரில் அதே மடல் குழுவில், எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, கொஞ்ச நாள் ஒதுங்கியும் இருந்தார். பழைய ஏச்சுக் கடிதங்கள் ஒன்றும் அழியவில்லை. மன்னிப்பும் அதே அலுமாரியில்தான் இருக்கிறது. நீங்களும் அதே இழையில் (அந்தச் சண்டை மடல்களின் தொடரில்), நாலு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை, இரண்டு வரி எழுதுங்கள். சண்டையை வாசிக்கிறவர் கீழே வரும்போது அதையும் வாசிப்பார். சண்டை பிடித்தவர் பதில் போடாமலும் விடலாம். எதிர்பார்க்க வேண்டாம்.

அந்த 2006 அறையில் உங்கள் புனைபெயர் என்ன, அக்கா?
– மூன்று பேர், மூன்று ஊர்களிலிருந்து

நம் வாவி மீன் ஒன்றின் பெயர், கடைசியில் 2 என்ற எண். முதலாவது ஆள் யார் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.